அரோகரா சொன்னவள்

என் இடது முழங்கையில், எலும்பு துருத்துகிற இடத்தில், அரிசி அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. ஒருத்தியின் முன்பல் பதிந்து வந்தது. பல் உடைந்தது அவளுக்கு. யாராவது கேட்டால் பயிற்சியில் அடிபட்டது என்பேன். பயிற்சியில் அடிபடாத சைக்கிள்காரி எங்கே இருக்கிறாள்? அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

நான் சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டியவள். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் இன்றைக்கும் சிரிப்பார்கள். "சைக்கிள் ஓட்றதுக்கு சம்பளமா? பேப்பர் போடறியாம்மா?" என்று எதிர்வீட்டு அண்ணன் கேட்டபோது அவர் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டவள் நான். என் கோபம் அப்படி. சென்னையில் ஒரு கம்பெனி பெண்கள் அணி ஒன்றை வைத்திருந்தது. மாதச் சம்பளம், சைக்கிள், ஜெர்ஸி எல்லாம் அவர்களுடையது. பந்தயத்துக்குக் கூப்பிட்ட ஊருக்குப் போக வேண்டும், மற்ற நாட்களில் சொந்த ஊரிலேயே பயிற்சி. எனக்குப் பயிற்சி என்றால் கிரிவலப் பாதைதான். மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர். விடிவதற்குள் இரண்டு சுற்று முடித்துவிடுவேன்.

அந்தச் சாலைக்கென்று ஒரு சட்டம் உண்டு. கிரிவலம் போகிறவர்கள் இடது ஓரமாகத்தான் நடப்பார்கள். வலது பக்கம், அதாவது மலையை ஒட்டிய பக்கம், சித்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறார்கள், அவர்கள் மேல் இடித்துவிடக் கூடாது என்பார்கள். சைக்கிள் ஓட்டுகிற எங்களுக்கும் அதேதான். முன்னால் போகிறவரை மலைப் பக்கமாக முந்தக் கூடாது. இடது பக்கமாகத்தான் போக வேண்டும். போவதற்கு முன்னால் கூப்பிட வேண்டும்.

பின்னால் வருகிறவள் "அண்ணாமலையாருக்கு!" என்று கத்துவாள். முன்னால் போகிறவள் "அரோகரா!" என்பாள். கேட்டுவிட்டது, நான் நேராகப் போகிறேன், நீ தைரியமாக வா என்று அதற்கு அர்த்தம். பதில் வராவிட்டால் முந்தக் கூடாது. பந்தயத்தில் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் வேடிக்கை பார்க்கிறவர்களே காறித் துப்புவார்கள். யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ தெரியாது. சென்னையிலிருந்து வந்த எங்கள் கோச் முதல் முறை கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நாங்கள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முழம் இடைவெளிக்குள் சக்கரத்தை நுழைப்போம். யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை, நான் ஏமாற்றும் வரை.

அவள் கீழ்பென்னாத்தூர்க்காரி. வேர்க்கடலை போடுகிற குடும்பம். என்னைவிட ஒரு வயது சின்னவள். நான் அணியில் சேர்ந்த மறு வருடம் பந்தயங்களுக்கு வர ஆரம்பித்தாள். என்னை "க்கா" என்று கூப்பிடுவாள். "க்கா, தண்ணி இருக்கா?" என்று என் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, அரை மணி நேரத்தில் என்னையே முந்திக்கொண்டு போவாள். ஆறு மாதத்தில் ஐந்து பந்தயம். நான்கில் அவள் ஜெயித்தாள். ஒவ்வொரு முறையும் அரைச் சக்கரம், ஒரு சக்கரம். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அரைச் சக்கரத்துக்காக நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன். அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை. அவள் சிரிப்பைப் பார்த்தாலே வயிறு எரியும். என் வாழ்க்கையிலேயே அதிக வேகமாக நான் ஓட்டியது அந்த ஆறு மாதத்தில்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று எங்கள் ஊரில் பெண்களுக்கு ஒரு பந்தயம் வைப்பார்கள். மலையை ஒரு சுற்று. அந்த வருடம் கோச் வந்திருந்தார். பொங்கல் கழிந்ததும் அவளைச் சென்னைக்கு வரச் சொல்லியிருப்பதாக என்னிடமே சொன்னார். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். அணியில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரே ஓர் இடம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

செங்கம் ரோட்டில் கிளம்பினோம். அடி அண்ணாமலை தாண்டுகிற வரை நான் முன்னால், அவள் என் பின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு. ஊரைத் தாண்டியதும் ஒரு வளைவு வரும். இடது பக்கம் நடைபாதைக் கல் உயர்ந்து நிற்கும். அங்கே கூட்டமும் இருக்காது. பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"அண்ணாமலையாருக்கு!"

"அரோகரா!" என்றேன். சொன்னதும் அவள் சக்கரம் என் இடது பக்கம் ஏறி வந்தது. அவள் மூச்சு என் தோளில் பட்டது. நான் முழங்கையை மடக்கி ஓங்கி அவள் முகத்தில் விட்டேன்.

தவறிப்போய் நடந்தது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தவறவில்லை. குறி பார்த்துத்தான் விட்டேன். பல் நொறுங்குகிற சத்தம் எலும்பு வழியாக எனக்குக் கேட்டது. அவள் சைக்கிளோடு கல்லில் போய் மோதினாள். தாடை முதலில் மோதியது. எங்கள் குரல் காதில் விழாத தூரத்தில் வந்த இரண்டு பெண்கள் வளைவு திரும்பியதும் அவள் மேலேயே விழுந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். வெள்ளை ஜெர்ஸி மார்பு வரை சிவந்திருந்தது. ஒரு கை பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது. பார்த்துவிட்டு மிதித்தேன். முன்பைவிட வேகமாக மிதித்தேன். ஜெயித்த பிறகு குழாயடியில் நின்று முழங்கையிலிருந்து பல் துண்டைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். பிறகு போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் போனார்கள், நானும் போனேன். போகாவிட்டால் சந்தேகப்படுவார்களே. தாடையைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தோளிலும் கட்டு. பேச முடியாது. அவள் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கடலைக்கொடி பிடுங்கிக் காய்ப்புக் காய்த்த கை. என் ஜெர்ஸியைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தார்.

"என் பொண்ணு கூப்புட்டாளா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"கூப்புடவே இல்லம்மா," என்றேன். "திடீர்னு உள்ள வந்துட்டா. நான் இன்னா பண்றது?"

கட்டிலில் கிடந்தவள் காதில் அது விழுந்தது. கட்டுப் போடாத கையால் பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து வீசினாள். என் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. தொண்டைக்குள்ளிருந்து அவள் ஏதோ கத்தினாள். கம்பிக்குப் பின்னால் அது வெறும் சத்தமாகத்தான் வந்தது. அவள் அம்மா என்னை விட்டுவிட்டு, மகள் பக்கம் திரும்பி, "கூப்புடாம போனியாடி? எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் புருவத்தைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கட்டு அவிழ்ந்த பிறகு அவள் என்ன சொல்லியும் ஊர் நம்பியது என்னைத்தான், அவள் பந்தயத்துக்கும் திரும்பவில்லை.

அதன் பிறகு மூன்று வருடம் என்னை ஒருத்தியும் தொடவில்லை.

முதல் வருடம் ருசியாகத்தான் இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் நான்தான் முதல். வீட்டில் கோப்பை வைக்க இடமில்லாமல் அம்மா ஒன்றில் துவரம்பருப்பு கொட்டி வைத்தாள். இரண்டாம் வருடம் பந்தயத்தின் பாதியிலேயே திரும்பிப் பார்ப்பேன். சாலை காலியாகக் கிடக்கும். யாருக்காக மிதிக்கிறோம் என்றே புரியாது. காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனாலும் ஜெயித்தேன். ஜெயித்துவிட்டு எரிச்சலோடு இறங்கி சைக்கிளை உதைத்தேன். ஒரு முறை கையடிப் பம்பைச் சுவரில் அடித்து இரண்டாக வளைத்தேன். சேலத்தில் ஒரு சின்னப் பெண் என்னைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, "நீங்க போங்கக்கா" என்று வழி விட்டாள். பந்தயம் முடிந்ததும் அவளைத் தேடிப் போய்க் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். "வழி விட்றதுக்கா வந்த? பின்னாடி வந்து கடிடி என்னை!" என்று கத்தினேன். அந்தப் பெண் அழுதுகொண்டே கோச்சிடம் போய்ச் சொன்னாள். ஒரு மாதச் சம்பளம் பிடித்தார்கள். எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாம் வருடம் கார்த்திகையில் கோச் போன் செய்தார். "ஜெயிக்கிற, சரி. ஆனா வருஷா வருஷம் உன் வேகம் கம்மியாயிட்டே வருது. வெளிமாநிலத்துக்குப் போனா உன்ன முழுங்கிடுவாங்க. அடுத்த வருஷத்துக்கு உங்க மாவட்டத்துல யாரை எடுக்கறதுன்னு பொங்கல் ரேஸ்ல வந்து பார்ப்பேன். முதல்ல வரணும், நீ மூணு வருஷத்துக்கு முன்னாடி ஓட்டின டைமும் வரணும். ரெண்டும் வந்தாத்தான் சீட்டு."

போனை வைத்துவிட்டுத் தனியாக ஒரு சுற்று போய்ப் பார்த்தேன். பழைய நேரத்தைவிட ஒன்றரை நிமிடம் அதிகம். மறுநாளும் அப்படியே. வாந்தி வருகிற வரை மிதித்தாலும் அந்த ஒன்றரை நிமிடம் குறையவில்லை. அந்தப் பழைய நேரம் என்னுடையதே இல்லை, என் பின் சக்கரத்தில் அவள் ஒட்டிக்கொண்டிருந்ததால் வந்த நேரம் என்று அப்போதுதான் புரிந்தது. என் சீட்டைக் காப்பாற்ற எனக்கு அவள் வேண்டும். அவளை உடைத்துப் போட்டவள் நான். நடுரோட்டில் உட்கார்ந்து என் தொடையில் நானே குத்திக்கொண்டேன்.

அவள் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். புத்திகெட்டுப்போய்த் திங்கட்கிழமை போய் நின்றேன். மனு நாள். பட்டா, பென்ஷன், வழித்தகராறு என்று கடை வாசலில் ஐம்பது பேர். கடைக்குப் பக்கத்தில் கூடை வைத்த ஒரு லேடீஸ் சைக்கிள் நின்றது. அதன் பின் டயர் வழுவழுவென்று தேய்ந்திருந்ததைப் பார்த்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் இதிலேயே வந்து போகிறாள்! பஸ் வசதி இருக்கிற ஊரிலிருந்து. எனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்றால், சந்தோஷம்தான்.

நிமிர்ந்து பார்த்தாள். தாடை கொஞ்சம் இடது பக்கம் போயிருந்தது. முன்பல் கட்டிய பல்.

"பொங்கல் ரேஸுக்கு வரியா?" என்றேன். "ஆறு வாரம் சேர்ந்து பிராக்டிஸ் பண்ணலாம். என்கிட்ட இன்னொரு சைக்கிள் இருக்கு, தரேன்."

அவள் விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுக்கவில்லை. "அன்னிக்கு நான் கூப்புட்டேன். நீ இன்னா சொன்ன?" அந்த "க்கா" போயிருந்தது. "இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லு."

"எதுக்கு இப்ப அது?"

"சொல்லு. இல்லன்னா எடத்த காலி பண்ணு."

ஐம்பது பேரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு மானம் போகிற ஆத்திரம். "ஆமாண்டி, அரோகரான்னு சொன்னேன்!" என்று கத்தினேன். "சொல்லிட்டுத்தான் இடிச்சேன். நீ கூப்புடலன்னு உங்கம்மாகிட்ட பொய் சொன்னேன். போதுமா? இப்ப வரியா, மாட்டியா?"

காகிதத்தில் ஓட்டை போடுகிற இரும்பு மெஷின் அவள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. அதை எடுத்து, மேஜை மேல் ஊன்றியிருந்த என் கையில் ஓங்கி அடித்தாள். சுண்டுவிரல் நகம் பெயர்ந்து வந்தது. நான் கையை எடுக்கவில்லை. இன்னொரு அடி விழும் என்று காத்திருந்தேன். வரிசையிலிருந்த ஒரு பெண்மணி, "சாமி பேரச் சொல்லிட்டு இடிச்சியா? நீயெல்லாம் இன்னா பொம்பள!" என்று என் காலடியில் துப்பினார். அவள் மெஷினைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு சைக்கிள எடுத்துனு வா," என்றாள்.

வந்தாள். முதல் நாளே என் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டாள். மூன்று வருடம் கூடை சைக்கிள் மிதித்த கால் நான் கொடுத்த இரண்டு லட்சம் ரூபாய் சைக்கிளில் ஏறியதும் வெறி பிடித்ததுபோல் ஓடியது. பின்னால் ஆள் இருக்கிறது! அடி அண்ணாமலை தாண்டி அதே வளைவு. "அண்ணாமலையாருக்கு!" என்றாள். "அரோகரா!" என்றேன். கைப்பிடியை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டேன். அவள் சக்கரம் என் இடது பக்கம் ஏறியது. உடனே கிரீச்சென்று பிரேக் சத்தம். திரும்பிப் பார்த்தால் இருபதடி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கூப்பிடுவாள், நான் பதில் சொல்வேன், என் குரல் கேட்ட மாத்திரத்தில் அவள் விரல் பிரேக்கை இறுக்கும். வேண்டுமென்று செய்யவில்லை, விரல் தானாகப் போகிறது என்றாள். பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்தேன். பிறகு சைக்கிளைப் போட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"நேராதானடி போறேன்! இன்னும் இன்னா பண்ணணும்? கையக் கட்டினு ஓட்டவா?"

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். தட்டிய வேகத்தில் அவள் கை பட்டு என் உதடு கிழிந்தது. நான் அவள் தலைமுடியைப் பிடித்தேன். அவள் என் வயிற்றில் குத்தினாள். இரண்டு பேரும் சாலையில் உருண்டோம். நடந்து போன சாமியார்கள் இரண்டு பேர் ஓடிவந்து பிரித்துவிட்டார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள்: "சரி, நாளைக்கு நீ பின்னாடி வா. நீ கூப்புடு."

அடுத்த நாள் அவள் முன்னால் போனாள். அதே வளைவு. கூப்பிட்டேன். "அரோகரா!" என்றாள். நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தாள். நான் இடது பக்கம் நுழைந்தேன். அவள் முழங்கை என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. என் விரல் தானாகப் பிரேக்கை இறுக்கியது. சைக்கிள் வழுக்கி நான் முட்டியைத் தேய்த்துக்கொண்டு விழுந்தேன்.

அவள் திரும்பி வந்து, ஒரு காலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "எனக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சினு இருந்தேன்," என்றாள். "நாளையிலேந்து நான் வரல. ரேஸ்ல பாக்கலாம்." என் முட்டியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவள் தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பொங்கல் பந்தயத்தில் இருபது பேர் கிளம்பினோம். கிரிவலப் பாதையில் திரும்புவதற்குள் மற்றவர்கள் கழன்றுவிட்டார்கள். நான் முன்னால். அவள் பின்னால். அவள் மூச்சு என் முதுகில் பட்டுக்கொண்டே இருந்தது. அப்படி நான் மூன்று வருடமாக ஓட்டியதில்லை. கால் எரிந்தது, வாயில் இரும்பு ருசி வந்தது, கண் மங்கியது. ஆனாலும் உள்ளே ஒரு களிப்பு. வளைவு நெருங்கியது. காதைத் தீட்டிக்கொண்டேன். கூப்பிடுவாள். நான் சொல்வேன். அவள் பிரேக் பிடிப்பாள். சீட்டு எனக்கு. இந்தக் கணக்கும் என் தலைக்குள் ஓடியது, அதை மறைக்க மாட்டேன்.

அவள் கூப்பிடவே இல்லை.

வலது பக்கம் காற்று அசைந்தது. மலைப் பக்கம். யாரும் போகாத பக்கம். நான் திரும்புவதற்குள் அவள் தோள் என்னைத் தாண்டிவிட்டது. பிறகு அவள் முதுகு. என் வாய் திறந்து, யாரும் கேட்காத கேள்விக்கு, "அரோகரா!" என்று கத்தியது. அவள் திரும்பவில்லை.

துரத்தினேன். கடைசி வரை துரத்தினேன். அரைச் சக்கரம். கோச் கடிகாரத்தை நீட்டினார். எனக்குப் பழைய நேரத்தைவிட எட்டு வினாடி குறைவு, அவளுக்கு அதைவிடக் குறைவு. மலைப் பக்கம் போனதற்காக ஊர்க்காரர்கள் சிலர் அவளைத் திட்டினார்கள். "கூப்புடாம போலாமா?" என்று ஒருவர் என்னிடமே நியாயம் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மாவும் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கூப்புட்டா," என்றேன். "நான்தான் பதில் சொல்லல."

என் வாழ்க்கையில் அவளைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய். சீட்டு அவளுக்குப் போனது. என் சம்பளம் நின்றது. அவள் நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கோப்பையிலிருந்த துவரம்பருப்பைத் தரையில் கொட்டிவிட்டு, கோப்பையைச் சுவரில் அடித்தேன்.

இப்போது அவள்தான் எல்லாவற்றிலும் முதல். காலையில் கிரிவலப் பாதையில் அவளைப் பிடித்துவிடுவேன். அவள் கம்பெனி ஜெர்ஸியில், நான் பழைய டீ-ஷர்ட்டில். அவளுக்கும் பின்னால் ஆள் வேண்டும், எனக்குத் தெரியும். அதனால்தான் என்னை விரட்டுவதில்லை. வளைவு வந்ததும் கூப்பிடுவேன். "அண்ணாமலையாருக்கு!" அவள் பதில் சொல்வதில்லை. பதில் வராவிட்டால் முந்தக் கூடாது. மலைப் பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது, அவளைப்போல் சத்தமில்லாமல் போய்விடலாம். நான் போவதில்லை.

இன்று காலையும் தொண்டை வலிக்கக் கூப்பிட்டுவிட்டு, அவள் பின்னாலேயே வந்து சேர்ந்தேன்.